பாலத்துத் தோட்டத்து ஆள்

வியாழக்கிழமை மத்தியானம் வேன் வரும் என்று சார்ஜன் ஒஸ்மான் சொன்னார்.

சமூக நல இலாகாவின் வேன். பஸ் நிலையத்தைச் சுற்றிப் படுத்துக் கிடப்பவர்களை அது ஏற்றிக்கொண்டு போகும். மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்துவார்கள். பிறகு ஜொகூரின் அந்தக் கோடியில் இருக்கும் ஆதரவற்றோர் இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்கள். ரத்த சொந்தமோ கட்டிய மனைவியோ வந்து, இந்த ஆளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று கையெழுத்துப் போட்டால் மட்டும் விட்டுவிடுவார்கள்.

"உன் ஆட்களிடம் நீயே சொல்லிவிடு" என்றார் சார்ஜன் மலாயில். குத்தலாகச் சொல்லவில்லை. பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த அந்தப் போலீஸ் பொண்டோக்கில் தமிழ் பேசுகிறவன் கான்ஸ்டபிள் விமலன் ஒருவன்தான்.

பொண்டோக் என்பது ஒரே ஓர் அறை. ஒரு மேசை, ஒரு காற்றாடி, முன்னால் தகரக் கூரை, அதன் கீழே ஒரு பெஞ்சு. ஊர்க்காரர்களோடு போலீஸ் ஒட்டிப் பழக வேண்டும் என்று அதைப் போட்டிருந்தார்கள். சைக்கிள் காணாமல் போனால் ஊர்க்காரர்கள் வந்தார்கள். மற்ற நாளில் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அதனால் விமலன் தானே வெளியே போகத் தொடங்கினான். காலையில் கோப்பியும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு, கடைகளுக்கு முன்னால் உள்ள ஐந்தடி நடைபாதையில் படுத்திருப்பவர்களின் பக்கத்தில் போய்க் குந்துவான். ஏன் இங்கே கிடக்கிறாய் என்று கேட்டால் அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். எந்தத் தோட்டம் என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். தோட்டம் தெரிந்தால் விமலனுக்குப் போதும். எந்த ரப்பர் தோட்டத்தை விற்றார்கள், அதன் ஆட்கள் எந்தத் தாமான் குடியிருப்பில் குடியேறினார்கள் என்பது அவனுக்கு மனப்பாடம். அவனும் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவன்தான். இப்படித்தான் ஒருவரைப் புக்கிட் பெருவாங்கில் இருந்த தங்கையிடம் கொண்டுபோய் விட்டான். அவள் அழுதுகொண்டே அண்ணனைத் திட்டி உள்ளே கூட்டிப் போனாள்.

அப்புசாமியிடம் அந்த ஒரு பதிலை வாங்கத்தான் ஆறு மாதம் பிடித்தது. போன வாரம்தான் சொன்னார்.

"பாலத்துத் தோட்டம்."

"அத வித்து ஏழு வருஷம் இருக்குமே அண்ணே."

"தெரியும். போய்ப் பாத்தேன். லயத்த காணோம், கோயில காணோம். நான் படுத்திருந்த எடத்துல லோரி நிக்குது."

"ஆளுங்க எல்லாம் செங்குல இருக்காங்க. மலிவு வீடு குடுத்தாங்கல்ல."

அப்புசாமி ரொட்டியைக் கோப்பியில் முக்கினார். அது ஊறி விழும்வரை கையிலேயே வைத்திருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. பகாங்கில் மரம் வெட்டும் இடத்தில் கட்டை உருண்டதில் கால் போனது. வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பியவர். ஏதாவது சம்பாதித்துக்கொண்டு திரும்பலாம் என்று இருந்தார். காலைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு எப்படிப் போய் நிற்பது என்று அப்படியே இருந்துவிட்டார்.

"உங்களுக்கு அங்க யாரு?"

"குஞ்சம்மா" என்றார். பிறகு, "சம்சாரம்" என்றார்.

"நான் போய்ப் பாக்கட்டுமா?"

"போலீஸ் உடுப்பு போட்டுக்கிட்டுப் போகாத. மாத்தாவ பாத்தா அவ பயந்துருவா."

சார்ஜன் வேன் விஷயத்தைச் சொன்னது செவ்வாய்க்கிழமை. உடுப்பை மாற்றக்கூட நிற்காமல் விமலன் மோட்டாரை எடுத்தான்.

செங் குடியிருப்பில் அது தொழிற்சாலை ஷிப்ட் மாறும் நேரம். நீல உடுப்புப் பெண்கள் பஸ்ஸிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். மளிகைக் கடையில் குஞ்சம்மா வீடு எது என்று கேட்டான். கடைக்காரர் அவன் தொப்பியைப் பார்த்தார்.

"பையன் எதும் பண்ணிட்டானா?"

"இல்லண்ணே. நல்ல சேதிதான்."

"நல்ல சேதி சொல்ல மாத்தா வர்றத இப்பதான் பாக்குறேன்" என்று சொல்லிக்கொண்டே கடைக்காரர் கையைக் காட்டினார்.

கதவைத் திறந்த குஞ்சம்மாவுக்கு ஐம்பதுக்குள்தான் இருக்கும். நெற்றியில் திருநீறு மட்டும். கழுத்தில் ஒன்றும் இல்லை. விமலன் சப்பாத்தைக் கழற்றி வாசலில் விட்டான். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தான். உள்ளே காலை வைத்தவன் சுவரைப் பார்த்தான்.

அப்புசாமியின் படம். கழுத்துப் பொத்தான்வரை போட்ட சட்டை, படிய வாரிய முடி. பிளாஸ்டிக் மாலை. கண்ணாடியின் மேல் சந்தனப் பொட்டு. கீழே ஒரு சின்னச் சிவப்பு பல்ப் எரிந்துகொண்டிருந்தது.

"அது யாருக்கா?"

"எங்க வீட்டுக்காரரு. தவறி ஏழு வருஷம் ஆச்சு. எதுக்கு கேக்குறீங்க? எம்மவன் கிஷன் மோட்டார்ல யாரையும் இடிச்சிட்டானா?"

"அவர் எப்படித் தவறினாரு?"

அவள் அவனை ஒரு மாதிரிப் பார்த்தாள். ஆனாலும் சொன்னாள். பலமுறை சொல்லிப் பழகியதுபோல நிறுத்தாமல் சொன்னாள்.

"சம்பளத்தன்னிக்குக் குடிச்சிட்டு வந்தாரு. நானும் வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருக்கல. தங்கா பத்து கடல்ல போய் விழுறேன், நீ நிம்மதியா இருன்னாரு. போ, மீனுக்காவது ஆவும்னேன். போய்ட்டாரு. ரெண்டு வாரம் கழிச்சு அங்க ஒரு பொணம் ஒதுங்கிச்சு. மொகமே இல்ல. எந்தம்பிதான் போய்ப் பாத்தான். இடுப்புல கறுப்புக் கயிறு, செப்புத் தாயத்து. எங்க முனியாண்டி கோயில் பூசாரி கட்டினது. வேற யாருக்கு அது இருக்கும்? கொண்டாந்து எரிச்சோம். கருமாதி அன்னிக்கு என்ன நடு வீட்டுல உக்கார வச்சு எல்லாத்தையும் எடுத்தாங்க. கிஷனுக்குப் பதினோரு வயசு. மொட்ட போட்டு விட்டாங்க."

தப்பான வீட்டுக்கு வந்துவிட்டேன் என்று சொல்லி எழுந்து போய்விடலாமா என்று விமலனுக்குத் தோன்றியது. வியாழக்கிழமை நினைவுக்கு வந்தது.

"உக்காருங்கக்கா" என்றான்.

அப்புசாமி உயிரோடு இருப்பதையும் கால் போனதையும் அவன் சொல்லி முடித்தான். அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"எந்தக் கால்?"

"வலது கால்."

"ஏழு வருஷமா எங்க இருந்தாரு?"

"பகாங்குல. கால் போனதுல வெக்கப்பட்டுக்கிட்டு..."

"கால்தானே போச்சு? வாய் இருந்துச்சுல்ல? ஒரு ஆள்கிட்ட சொல்லி அனுப்பத் தெரியாதா?" அவள் குரல் உயர்ந்தது. "நான் அனுப்பி வச்சேன்னு ஊரே சொல்லிச்சு. மீனுக்கு ஆவும்னு சொன்னேன்ல, அத அப்படியே சொல்லிச்சு. ஏழு வருஷம் அத முழுங்கிக்கிட்டு இருந்தேன்."

விமலன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"சாப்பிடுறாரா?"

"காலையில ரொட்டி வாங்கித் தரேன்."

"ரொட்டி அவருக்கு ஆவாது. வயித்த புடிச்சிக்கும்."

அவன் வேனைப் பற்றியும் கையெழுத்தைப் பற்றியும் சொன்னான். அவள் படத்தைப் பார்த்தாள். எழுந்து பல்பை அணைத்தாள்.

"நான் வரேன். காரியம் பண்ணின ஆளு திரும்பி வந்தா என்ன முறை செய்யணும்னு பூசாரிகிட்ட கேட்டுக்கலாம். அதெல்லாம் பெறகு. ஆள தெருவுல விட முடியாது." சுவிட்சிலிருந்து கையை எடுக்காமல் நின்றாள். "அப்ப நாங்க எரிச்சது யாரு?"

வெளியே ஒரு பெண்ணின் குரல் கேட்டது.

"என்னாடி குஞ்சம்மா, வாசல்ல அம்மாம் பெரிய சப்பாத்து கெடக்கு, கதவு சாத்தியிருக்கு? மாப்பிள்ளையா?"

பதிலுக்குக் காத்திராமல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். கையில் அவித்த மரவள்ளிக் கிழங்கு. நெற்றி நிறையக் குங்குமம், தலையில் பூ, கழுத்தில் மஞ்சள் கயிறு. விமலனைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் வெட்கப்படவில்லை.

"மாத்தாவா? நல்லதாப் போச்சு. தம்பி, சிங்கப்பூர்ல ஒரு ஆள தேடணும்னா உங்க ஆளுங்க தேடுவாங்களா?"

"யாரக்கா?"

"எங்க வீட்டுக்காரரத்தான். சிவசாமின்னு பேரு. தோட்டம் விக்கிற நேரத்துல, கப்பல் பட்டறையில வேல இருக்கு, போகப்போறேன் போகப்போறேன்னு பேசிக்கிட்டே இருந்தாரு. ஒரு நாள் போய்ட்டாரு. ஒரு கடுதாசி இல்ல. எழுத்தும் தெரியாது பாருங்க. எவளாச்சும் ஒரு சீனத்தி புடிச்சு வச்சிருப்பா. வச்சிக்கட்டும்லா, நானா கேக்கப் போறேன்? ஆளு இருக்காருன்னு தெரிஞ்சா போதும்."

"பொண்டோக்குக்கு வாங்கக்கா. விவரம் குடுத்தா விசாரிக்கலாம்" என்றான் விமலன். எல்லாரிடமும் சொல்லும் வார்த்தை. பழக்கத்தில் வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் குஞ்சம்மாவின் முகத்தைப் பார்த்தான். அவள் அந்தக் குங்குமத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒனக்கென்ன, பேயறஞ்ச மாதிரி நிக்கிற? கிழங்க சூட்டோட தின்னு" என்று சொல்லிவிட்டு வந்தவள் போனாள்.

குஞ்சம்மா மறுபடி கதவைச் சாத்தினாள்.

"பூங்காவனம். நாலு வீடு தள்ளி இருக்கா. தோட்டத்துல எனக்கு அடுத்த வீடு." மூச்சு விட்டுக்கொண்டாள். "தோட்டத்த விக்கப் போறாங்கன்னு பேச்சு வந்த வருஷம், எல்லாரும் செதறிப் போயிடுவோம், காப்பு வேணும்னு பூசாரி அந்தத் தாயத்த கட்டினாரு. எம்புருஷனுக்கு மட்டும் இல்ல. ஆம்பளைங்க அத்தன பேருக்கும். தாயத்த பாத்தப்ப எங்களுக்கு அது தோணல. கடல்ல விழுறேன்னு சொன்னவரு அவருதானே. வேற யாரையும் தோணல."

"சிவசாமி எப்ப போனாரு?"

"அதே மாசந்தான்."

தெருவில் யாரோ பிள்ளையை அதட்டும் சத்தம் கேட்டது.

"எனக்குத் தாலிய எடுத்தப்ப அவதான் என்ன கட்டிப் புடிச்சிக்கிட்டு அழுதா" என்றாள் குஞ்சம்மா.

வாசல்வரை வந்தாள். "வியாழக்கிழமை காலையில வரேன். தனியா வரேன். மத்தத பெறகு பாத்துக்கலாம்."

திரும்பி வரும்போது விமலன் மெதுவாக ஓட்டினான். ஆள் மாறி எரித்த பிணம் போலீஸ் விஷயம். சார்ஜனிடம் சொல்லியாக வேண்டும். சொன்னால் நாளைக்கே ஒரு ஜீப் பூங்காவனம் வீட்டு வாசலில் நிற்கும். அவன் பொண்டோக்குக்கு வந்தான். சார்ஜன் என்ன ஆச்சு என்று கேட்டார். சம்சாரம் வருவாள் என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் காலையில் கோப்பியோடு போனபோது அப்புசாமி எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"பாத்தியா?"

"பாத்தேன் அண்ணே. கேன்டீன்ல வேல செய்றாங்க. நாளைக்கு வந்து கையெழுத்து போடுறேன்னாங்க."

"திட்டினாளா?"

"திட்டினாங்க."

"அப்ப வருவா."

அவர் கோப்பியை வாங்கிக் குடித்தார். முகம் தெளிந்திருந்தது. இந்தத் தெளிவோடு விட்டுவிடலாம் என்று விமலன் நினைத்தான். ஆனால் நாளைக்கு அவள் பொட்டில்லாமல் வந்து நின்றால் அந்த இடத்தில் தெரிந்துகொள்வார். அது இதைவிட மோசம். சொன்னான்.

அப்புசாமி சிரித்தார். அழுக்குப் பற்கள் எல்லாம் தெரியச் சிரித்தார்.

"எனக்கா? எனக்கே காரியமா? கொள்ளி யாரு வச்சா?"

"கிஷன்."

"மொட்ட அடிச்சானா?"

"அடிச்சாங்களாம்."

"சம்மதிச்சிருக்க மாட்டான். முடிய தொட விடமாட்டான் அந்தப் பய." சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. "பொட்டு வச்சிருக்காளா?"

"இல்லண்ணே."

அவர் சட்டையைத் தூக்கி இடுப்புக் கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். செப்பு கறுத்துப்போயிருந்தது.

"அந்தக் கடல்ல கெடந்தது யாரு, தம்பி?"

"சிவசாமின்னு அக்கா நெனைக்கிறாங்க."

"சிவசாமி சிங்கப்பூர்ல இருக்கான்."

"கடுதாசி எதுவும் வரலயாம்."

எதிரே பஸ்கள் வந்து நின்று, ஆட்களைக் கொட்டிவிட்டுப் போயின.

"அன்னிக்குச் சண்டைய வெலக்கி விட்டவன் அவன்தான்" என்றார். "கடல்ல விழுறேன்னு நான் கத்திட்டுப் போறப்ப லயத்து முனைவரைக்கும் பின்னாலயே வந்தான். வராதடான்னு கல்ல எடுத்து வீசினேன். நான் கடலுக்கே போகல. பெரிய ரோட்டுக்குப் போய் லோரி ஏறிட்டேன். அவன் என்ன தேடிக்கிட்டுத் தங்கா பத்துக்குப் போயிருக்கான். நீச்சல் தெரியாத பய. கடல் பக்கம் அவனுக்கு வேற என்ன வேல?"

"அப்படித்தான்னு எப்படிச் சொல்ல முடியும்ணே. வேற மாதிரியும் இருக்கலாம்."

"வேற மாதிரின்னா சொல்லு."



வியாழக்கிழமை அப்புசாமி பஸ் நிலையத்துக் குழாயடியில் குளித்தார். விமலன் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டார். சவரம் செய்த இடத்தில் இரண்டு வெட்டுக்காயம். பொண்டோக் முன்னால் பெஞ்சில் உட்கார்ந்து சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போட வேண்டிய தாள் உள்ளே மேசை மேல் இருந்தது.

பத்து மணிக்குமேல் செங் பஸ் வந்தது. அது நகர்ந்ததும் எதிர்ப்பக்கம் குஞ்சம்மா நின்றாள். கையில் எவர்சில்வர் தூக்கு. அப்புசாமி கக்கத்துக் கட்டையை ஊன்றி எழுந்தார். அரைவாசி எழுந்தவர் அப்படியே நின்றார். குஞ்சம்மாவுக்குப் பின்னால், குடையை மடக்கிக்கொண்டு, பூங்காவனம் நின்றாள். சாலைக்கு இந்தப் பக்கமிருந்தே அந்தக் குங்குமம் தெரிந்தது.

அப்புசாமி விமலனைப் பார்க்கவில்லை. கட்டையை ஊன்றி, சத்தம் வராமல், பொண்டோக்குக்குப் பின்னால் போனார்.

"தம்பி, சொன்ன மாதிரி வந்துட்டேன் பாத்தீங்களா?" பூங்காவனம் கூரைக்குக் கீழே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இவ விடிஞ்சதுலேர்ந்து பஸ்ஸுக்கு நிக்கிறா. எங்கடின்னா டவுனுக்குங்கிறா. தனியாப் போறேங்கிறா. எனக்குத் தெரியாம டவுன்ல என்ன வச்சிருக்க, நானும் வரேன்னு ஏறிட்டேன். விடுவேனா?"

குஞ்சம்மா பெஞ்சைப் பார்த்தாள். அதன் மேல் பாதி குடித்த கோப்பி இருந்தது. பின்சுவரின் ஓரம் கட்டையின் ரப்பர் முனை ஒரு விரல் அளவு வெளியே தெரிந்தது. அவள் அதைப் பார்த்தாள். பூங்காவனம் பார்க்க முடியாதபடி நகர்ந்து நின்றுகொண்டாள்.

விமலன் பூங்காவனத்தை உள்ளே உட்கார வைத்து விவரம் கேட்டான். கேட்காமல் இருக்க வழியில்லை. பெயர், வயது, எப்போது போனார். சன்னல் பின்பக்கம் திறந்திருந்தது. ஒவ்வொரு வார்த்தையும் அந்தப் பக்கம் கேட்கும்.

"ஒடம்புல அடையாளம் எதும் உண்டாக்கா?"

"மொழங்கையில ஒரு தழும்பு. அப்புறம் இடுப்புல தாயத்து. எங்க தோட்டத்து ஆம்பளைங்க எல்லாத்துக்கும் உண்டு. இவ வீட்டுக்காரர அத வச்சுத்தானே..."

நிறுத்தினாள். காற்றாடி ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. பூங்காவனம் குஞ்சம்மாவைப் பார்த்தாள். குஞ்சம்மா தூக்கின் மூடியைத் திறந்து மறுபடி மூடிக்கொண்டிருந்தாள்.

"தாயத்த எழுத வேணாம்" என்றாள் பூங்காவனம் வேகமாக. "அது அறுந்து போயிருக்கும். தழும்ப மட்டும் எழுதுங்க. நல்லா பாடுவாரு, அதையும் போட்டுக்குங்க. சிங்கப்பூர்லயும் பாடிக்கிட்டுத்தான் இருப்பாரு."

விமலன் தழும்பை மட்டும் எழுதினான்.

வெளியே வந்ததும் குஞ்சம்மா தூக்கை பெஞ்சில் வைத்தாள். "சோறு. மொச்சக் கொட்டையும் கருவாடும் போட்டு வச்சேன். சாப்பிட்டுருங்க தம்பி." தேவைக்குமேல் உரக்கச் சொன்னாள். சொல்லிவிட்டு நின்றாள்.

விமலன் அவளைப் பார்த்தான். உள்ளே மேசை மேல் தாள் காற்றாடியில் படபடத்தது. ஓர் அடி வைத்தால் உள்ளே. அவள் சுவரின் ஓரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் வெளியே வந்தால் அவள் கையெழுத்துப் போட்டிருப்பாள் என்றுதான் விமலன் நினைத்தான். பூங்காவனம் பக்கத்தில் இருந்தாலும் போட்டிருப்பாள். அவரைக் கூப்பிட வாயெடுத்தான். சுவரோரத்தில் தெரிந்த ரப்பர் முனை மெல்ல உள்ளே இழுக்கப்பட்டது.

குஞ்சம்மா அதைப் பார்த்தாள்.

"வாடி, பஸ் வந்துரும்" என்றாள்.

"வந்த வேலைய பாக்கலயே நீ. எங்கயோ போவணும்னு நின்ன?"

"வேல ஒண்ணும் இல்ல."

இருவரும் சாலையைக் கடந்தார்கள். பூங்காவனம் குடையை விரித்து அவளையும் சேர்த்துப் பிடித்தாள். பஸ் வந்து மறைத்தது. போனபோது அங்கே யாரும் இல்லை.

அப்புசாமி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். தூக்கைத் திறந்து சாப்பிட்டார். அவசரமில்லாமல், ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். விமலன் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான்.

"ஏண்ணே இப்படிப் பண்ணீங்க? அவங்க தயாராத்தான் வந்தாங்க."

"தெரியும்."

"நான் செங்குக்கு இப்பவே போறேன். அவங்கள மட்டும் கூட்டிட்டு வரேன்."

"கூட்டிட்டு வந்து? நான் அங்க போய் நாலு வீடு தள்ளி உக்காரணும். தெனம் காலையில பூங்காவனம் என் மூஞ்சியில முழிக்கணும். அவ கேணச்சி இல்ல. தாயத்துன்னு சொன்னதும் நின்னா பாத்தியா?" கையை நக்கிக்கொண்டார். "எனக்குத்தான் எல்லாம் பண்ணி முடிச்சிட்டாங்க. அவனுக்கு இனிமேத்தான் பண்ணணும். என்ன கண்ணால பாத்தா அன்னிக்கே பண்ணணும்."

"அக்காவ நெனச்சுப் பாத்தீங்களா?"

"அவ ஏழு வருஷம் இருந்து பழகிட்டா. அவ இருப்பா." அந்தப் பேச்சு அவருக்கே பிடிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இங்க பாரு, வேன்காரங்ககிட்ட என் பேர சொல்லாத" என்றார். "சிவசாமின்னு சொல்லிடு. அந்தப் பேராவது உசுரோட இருக்கட்டும்."

"இப்பதான் பூங்காவனம் அக்கா அந்தப் பேர குடுத்துட்டுப் போறாங்க. தேடினா உங்ககிட்டதான் வந்து நிக்கும். இல்லத்துக்கு ஓடி வருவாங்க. வந்து பாத்தா நீங்க இருப்பீங்க."

அப்புசாமி அதை யோசித்தார்.

"ஆமா" என்றார். "அப்ப எந்தப் பேரும் வேணாம்."

வேன் மத்தியானம் சொன்ன நேரத்துக்கே வந்தது. உள்ளே ஏற்கெனவே இருவர் இருந்தார்கள். ஒருவர் சீனக் கிழவர், மடியில் ஒரு மூட்டை. இலாகா அதிகாரி சற்குணம் முன்னாலிருந்து இறங்கினார். யாழ்ப்பாணத்துக் குடும்பம். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட மனிதர் இல்லை. இந்த வேலையில் அவருக்குத் தூக்கம் போய்விட்டது என்று ஒருமுறை விமலனிடமே சொல்லியிருக்கிறார்.

"என்ன விமலன், சொந்தக்காரர் ஒருத்தரும் வரேல்லையோ? சம்சாரம் வாறா எண்டு சார்ஜன் சொன்னவர்."

"வரல சார்."

"நல்லாய்ப் பாத்தனீரோ? நாலு மணிக்குப் பிறகு என்னால ஒண்டும் செய்ய ஏலாது."

"பாத்தேன் சார்."

சற்குணம் தாளை அட்டையில் வைத்து எழுதத் தொடங்கினார். "ஐசி, அடையாள அட்டை இருக்கோ?"

"இல்ல."

"எந்த இடம்?"

விமலன் அப்புசாமியைப் பார்த்தான். அப்புசாமி வேனின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியல சார்."

"பேர்?"

"தெரியல."

சற்குணம் நிமிர்ந்தார். "ஆறு மாசமாய்க் கோப்பி வாங்கிக் குடுத்துப் பழகினனீர். உம்மட்டச் சொல்லாத பேரோ?" அப்புசாமியின் பக்கம் திரும்பி, மெதுவாகக் கேட்டார். "ஐயா, உங்கட பேர் என்ன? பயப்பிடாதேங்கோ. சாப்பாடு இருக்கு, மருந்து இருக்கு. பேரைச் சொல்லுங்கோ."

அப்புசாமி கட்டையை முதலில் உள்ளே போட்டார். பிறகு கம்பியைப் பிடித்து, உடம்பைத் தூக்கி, ஏறி உட்கார்ந்தார். விமலன் பிடிக்கப் போனான். அவர் கையை விலக்கினார்.

"சரி" என்றார் சற்குணம். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். "இப்படிக் கனபேர் வருகினம். அங்க அவையள் ஒரு பேர் வைப்பினம்."

கதவைச் சாத்தினார். வேன் கிளம்பி, பழக்கடைகளைத் தாண்டி, மூவார் போகும் சாலையில் திரும்பியது.